வாடும் மலரும் வாடாத வழக்கும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், ஆனேக்கல்லுக்கு வழி பிரியும் இடத்தில் சந்தாபுரா அமைந்துள்ளது. மாலைப் பொழுதில் அங்கே மல்லிகையை முழக்கணக்கில் வாங்கிச் செல்வோர், அது மறுநாள் வாடிவிடும் என்பதை அறிந்தே வாங்குகின்றனர். வாடும் என்பதற்காகப் பூவை வெறுப்பார் யார்? அழகும் காதலும் நிலையாதவை என்ற உண்மையைத் தமிழ்ப் புலவர்கள் எங்ஙனம் நோக்கினர் என்பதை இக்காட்சியோடு வைத்து நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இளமை நில்லாது என்பதில் நம் புலவர்கள் ஒருமித்த கருத்தினரே. அதனின்று கொள்ளும் முடிவிலேதான் வேறுபடுகின்றனர். நாலடியார் இளமை நிலையாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, நம்மை அறத்தின்பால் திருப்புகிறது. மணிமேகலையோ, தன்னை விரும்பித் தொடரும் உதயகுமரனுக்கு நரைத்துத் தளர்ந்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, ஒருகாலத்துப் பேரழகு இன்று என்னவாயிற்று என எண்ணச் செய்கிறாள். அழகு அழியும்; ஆகவே பற்றை விடுக என்பது அக்காப்பியத்தின் அறிவுரை.

1887-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை அச்சேற்றிய கலித்தொகையில் வேறொரு குரலைக் கேட்கிறோம். பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியதாகக் கூறப்படும் பாலைக்கலியில் 35 பாடல்கள் உள்ளன. பொருள் தேடப் புறப்படும் தலைவனைத் தோழி அவற்றில் பலமுறை தடுக்கிறாள். பொருளைப் பின்னரும் ஈட்டலாம். கழிந்த இளமையை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது. ஆகவே பிரியாதே என்பது அவள் வழக்கு. துறவுக்குக் காரணமாகக் காட்டப்பட்ட அதே நிலையாமை, இங்கே இல்லறத்துக்குக் காரணமாகிறது.

தலைவன் பக்கமும் நியாயம் உண்டு. பொருளின்றி அறமும் விருந்தோம்பலும் நடைபெறா என்பதைச் சங்கப் புலவர் நன்கறிவர். சந்தாபுராவை அடுத்த பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில், மனைவி மக்களை ஊரில் விட்டு வந்து உழைப்போரை நினைத்துப் பார்ப்போம். அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் வேண்டுமே! அவர்களைப் போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை ஏது?

ஆயினும், ஊதியத்தைக் கணக்கிடும்போது, பிரிந்து கழித்த ஆண்டுகளையும் செலவுப் பக்கத்தில் எழுதவேண்டும் என்று தோழி நமக்கு நினைவூட்டுகிறாள். அவள் காத்துப் பேசிய தலைவியின் அழகு என்றோ மறைந்தது. அவள் வழக்கோ இன்னும் முடியவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் பேருந்தில் ஏறுமுன், ஒரு முழம் மல்லிகை வாங்கும் உழைப்பாளி அதற்குத் தன்னால் இயன்ற விடையைத் தருகிறான்.