நடிப்பு இல்லே, நடுக்கம்!

நடுவர் அவர்களே! எதிரணியிலே பேசின தங்கச்சி அழகாச் சொல்லிட்டுப் போனாங்க: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா நோயும் இல்லை, எல்லாம் நடிப்பு!" நீங்களும் கைதட்டினீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடின்னா நானும் தட்டியிருப்பேன்.

எங்க பெரியம்மாவுக்கு வலது கை நடுங்கும். காபி கொண்டுவந்தாங்கன்னா பாதி நமக்கு, பாதி அவங்க சேலைக்கு! (சிரிப்பு) ஸ்கேன் எடுத்தோம். கட்டி இல்லை, அடைப்பு இல்லை. "ஒண்ணுமில்லே, கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டார் டாக்டர். யாராவது பேச்சுக் கொடுத்தா நடுக்கம் குறையும். போதாதா? வீட்டிலே தீர்ப்பு எழுதிட்டோம்: "வேலைக்குப் பயந்து நடிக்கிறாங்க!"

நடுவர் அவர்களே! 2010-ஆம் ஆண்டு 'நியூராலஜி' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இதே மாதிரி நடுக்கம் உள்ள 8 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். தானாக நடுங்கும்போது ஒரு படம். "இப்ப நீங்களே வேணும்னு நடுக்கிக் காட்டுங்க" என்று இன்னொரு படம். அதே ஆள், அதே கை. ஆனால் மூளை வேலை செய்த விதம் வேறு! வலது காதுக்கு மேலே, மூளையில் ஒரு பகுதி. "இதைச் செய்யறது நான்தான்" என்கிற உணர்வுக்குத் துணை நிற்கிற இடம். தானாக நடுங்கியபோது அங்கே செயல்பாடு குறைந்திருந்தது. (கைதட்டல்)

சின்ன ஆய்வுதான், ஒத்துக்கறேன். ஆனா நடிப்புக்கும் நோய்க்கும் ஒரே படம் வரலையே! சாதாரண ஸ்கேன், வீட்டுச் சுவரிலே விரிசல் இல்லைன்னு சொல்லும். உள்ளே கரண்ட் எப்படி ஓடுதுன்னு சொல்லாதுங்க!

பிறகு வேறொரு நரம்பு டாக்டரிடம் போனோம். "கவனம் திரும்பினா நடுக்கம் குறையுதே, அதுதாம்மா இந்த நோய்க்கு அடையாளம்" என்றார். நாங்க எதைக் குற்றமாச் சொன்னோமோ, அதுவே அவங்களுக்குச் சாட்சி! பயிற்சி கொடுத்தார். நடுக்கம் குறைஞ்சது, முழுசாப் போகலை.

அன்னைக்குப் பெரியம்மா, கை குணமாகுமான்னு கேக்கலை. எங்க முகத்தைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அப்ப நான் பொய் சொல்லலைதானே?"

அதுக்கு நாங்க பதில் சொல்ல முடியலை. நடுவர் அவர்களே, நீங்க சொல்லுங்க.