சிறார்க்கு மறை பயிற்றுவோர் கல்வி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தாருள் கிறிஸ்து சமயந் தழுவிய குடும்பங்கள் பலவுள. அக்குடும்பத்துச் சிறார்க்கு ஞாயிறுதோறும் மறைபாடம் சொல்லுவோர், வேதசாஸ்திரம் முறையாகப் பயின்று தராதரப் பத்திரம் பெறுதல் வேண்டுமோ என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். "பக்தி யிருந்தாற் போதாதா? பத்திரம் எதற்கு?" என்பார் உளர். யாமும் ஒரு காலத்தில் அங்ஙனமே கூறித் திரிந்தோம்.

1528-ஆம் ஆண்டில் மார்ட்டின் லுத்தர் சாக்சனி நாட்டுச் சிற்றூர்ச் சபைகளைப் பார்வையிடச் சென்றார். பாமரரே யன்றிப் போதகருட் பலரும் முதற்பாடங்களையே அறியாதிருத்தல் கண்டு உளம் நைந்தார். அதன் பயனாக 1529-இல் வெளிவந்ததே அவரது சிறிய ஞானோபதேசம். குடும்பத் தலைவன் தன் இல்லத்தார்க்கு எளிமையாய்க் கற்பிக்கும் முறை என்னுங் கருத்துப்படவே அதன் பகுதிகட்குத் தலைப்பிட்டார். அந்நூலைத் தமிழிற் பெயர்த்தவர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு. அவர் மொழிபெயர்த்தலோடு அமையாது, உபதேசிமாரையும் உபாத்தியாயரையும் பழக்குதற்கென 1716-இல் ஆங்கொரு பயிற்சிப் பள்ளியும் நிறுவினார். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்து ரெய்க்ஸ் என்பார் 1780-இல் ஏழைச் சிறார்க்கு வைத்த ஞாயிறு பாடசாலையைக் கூறப்புகின் விரியும், விடுக்கின்றோம்.

இனி, எம் குற்றம் ஒன்று கூறவேண்டும். ஏறக்குறைய இருபதாண்டுகட்கு முன் யாம் ஒரு சிற்றூர்ச் சபையில் ஞாயிறு பாடசாலை நடத்தினோம். இலக்கண இலக்கியங் கற்றோம், எதனையுங் கற்பிப்போம் என்னும் செருக்கு எமக்கிருந்தது. ஒருநாள் எட்டு வயதுச் சிறுவன் எழுந்து, "வாத்தியாரையா, ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போன எங்க தங்கச்சி இப்போ எங்கே இருக்கு?" என்று வினவினான். யாம் ஏதோ ஒரு நூலிற் படித்த கடுமொழியைத் தயங்காது விடையாக உரைத்தோம். அவன் அழவில்லை, அமர்ந்துவிட்டான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் வாரம் அவன் தாய் வாயிலில் வந்து நின்று, "புள்ள ராத்திரியெல்லாம் உறங்க மாட்டேங்கான் ஐயா" என்று மட்டும் சொல்லிப் போயினாள்.

பல்லாண்டு கழித்துத் தராதரப் பயிற்சியிற் சேர்ந்த பின்னரே, அவ்வினாவிற்குத் திருச்சபை ஆசிரியர்கள் ஒருமித்த விடை கூறிற்றிலர் என்பதை அறிந்தோம். அகுஸ்தீன் கடுமையாகக் கூறினார். இடைக்காலத்தார் அதனை மென்மைப்படுத்தினர். அத்தகைய மழலையர் மீட்படைவர் என நம்ப இடமுண்டென்று 2007-இல் உரோமைச் சபையின் சர்வதேச இறையியல் ஆணையம் எழுதிற்று. யாம் முடிந்த முடிபென்று உரைத்தது முடிபே யன்று! மேலும், அச்சிறுவன் வேண்டியது சாஸ்திர விடையோ, தங்கையைப் பற்றிச் சற்றுப் பேசக் கேட்பாரையோ என்றும் யாம் எண்ணிற்றிலோம்.

வயலையும் கடையையும் விட்டுக் கல்லூரியிற் சென்று தங்க எவரால் இயலும் என்பீராயின், வழி உளது. 1963-இல் குவாட்டமாலா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் வேதசாஸ்திரப் பள்ளியார், மாணாக்கரைத் தம்மிடம் அழையாது ஆசிரியரை ஊர்கட்கு அனுப்பலாயினர். மாணாக்கர் தத்தம் தொழில் செய்துகொண்டே வீட்டிற் படித்து, குறித்த நாளில் ஆசிரியரோடு கூடி உசாவினர். அம்முறை இந்தியாவிலும் பரவிற்று. பெண்மக்கட்கு மிகப் பொருந்துவது இதுவே. சிறாரோடு மிகுதியும் பழகுவார் அவரே. பயிற்சிக்கு அனுப்புங்காலோ ஆண்மக்களையே தேடுகின்றோம். என்ன விந்தை!

ஆதலின் சங்கக் கல்வி நிதியினின்று இவ்வாண்டு ஊருக்கொருவர்க்கேனும், முதலிற் பெண்மக்கட்கு, பயிற்சிக் கட்டணம் உதவுமாறு வேண்டுகின்றோம்.

அச்சிறுவன் இன்று வெளியூரில் தொழில் செய்து வாழ்கின்றான். சென்ற மாதம் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். விடை இன்னும் வரவில்லை.