திங்கட்கிழமைக் கிறிஸ்தவர்



ஞாயிற்றுக்கிழமை காலையிற் கோவிலிற் பூசை கண்டு திரும்பும் ஓர் ஆண்மகனைக் கிறிஸ்தவன் என்று அறிந்துகொள்வது எளிது. கையிற் செபப்புத்தகம் இருக்கும். கழுத்திற் சிலுவை இருக்கும். மறுநாட் காலை அவனே கந்தோரில் மேசைக்கு முன் அமர்ந்திருக்கும்போது அவனை எதனால் அறிவது? பெயராலா? அது பெற்றோர் இட்டது. உடையாலா? அது தையற்காரன் தைத்தது. இக்கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் குருவானவரும் அல்லர், துறவியும் அல்லர். நீதிமன்றத்தில் ஊழியம் பார்த்த ஒரு முன்சீப். அவர்தாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டவர் என்று பள்ளிக்கூடத்திற் படித்தோம். அவ்வளவில் அவரை விட்டுவிட்டோம். அவருடைய வாழ்நாளிற் பெரும்பகுதி கழிந்ததோ நீதிமன்றத்திலேதான். ஆவணங்களைக் காக்கும் எழுத்தராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகிப் பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தார்.

காணி, கடன், முதுசொம் என்று வழக்குகள் வந்து குவியும் ஆசனம் அது. அண்ணனும் தம்பியும் ஒரு முழ வேலிக்காக எதிரெதிரே நிற்பார்கள். அங்கே கைக்கூலி என்பது பெரும்பாலும் பணமாக வருவதில்லை; பழத்தட்டாக வரும், உறவு முறையாக வரும், ஒரு புன்சிரிப்பாகவும் வரும். 1859இல் வெளியான 'நீதிநூ'லிற் கைக்கூலியைக் கண்டித்துத் தனி அதிகாரமே பாடினார் வேதநாயகர். பிரசங்கி ஒருவர் கைக்கூலியைக் கண்டிப்பதில் இடர் ஒன்றும் இல்லை. நீதிமன்ற ஊழியர் ஒருவர் அதை அச்சிட்டு ஊருக்குக் கொடுத்தால், மறுநாள் முதல் வாயிற் சேவகன் தொடக்கம் வழக்காளிகள் ஈறாக எல்லாரும் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாமே தமக்கு இட்டுக்கொண்ட காவல் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1805 முதல் 1861 வரை மேல் நீதிமன்றங்கள் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இல் வெளியிட்டார். தமிழரே வழக்காளி, தமிழரே வக்கீல், தமிழரே நீதிபதி. அங்கே பேச்சு மட்டும் ஆங்கிலமாய் இருப்பதைத் தமது நாவலிலும் இடித்துரைத்தார். தன் நிலம் எதனாற் போயிற்று என்பதைத் தன் மொழியில் அறியமாட்டாத உழவன், நிலத்தோடு நியாயத்தையும் இழந்தவனாகிறான். அந்தத் தீர்ப்புகளை வரிவரியாகத் தமிழாக்கிய உழைப்பை, அவர் பாடிய 'தேவமாதா அந்தாதி'யோடு ஒருங்கு வைத்து எண்ணவே என் மனம் விரும்புகிறது. இரண்டும் வழிபாடுதானே?

1876ஆம் ஆண்டிற் கொடிய பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்தவர்களுக்குத் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். பஞ்சம் ஓயாதிருந்த 1878இல், எச்சமயத்தாரும் ஒன்றாய்ப் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை வெளியிட்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடு நட்புப் பூண்டு, அவரைப் பாடவும் செய்தார்.

இதைக் கேட்டுச் சிலர் நெற்றியைச் சுருக்கலாம். கத்தோலிக்கர் ஒருவர் சைவ மடத்துத் தலைவரைப் பாடினால் அவருடைய அடையாளம் என்னாவது என்று கேட்கலாம். கன்றுக்கு வேலி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தேவமாதாவை அந்தாதி தொடுத்துப் போற்றியவரின் பக்தி நேற்று நட்ட கன்றன்று. அயலானை வெறுத்தாலன்றித் தன் சமயத்திற் பற்று இல்லை என்று நினைக்கும் ஆடவர் எக்காலத்தும் உளர். அவர்களுடைய ஐயம் அயலானைப் பற்றியதா, தம்மைப் பற்றியதா என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

அந்நாட் சைவர்கள் அவரைப் பற்றி ஐயுறவில்லை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைக் கீர்த்தனையாகப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர் மீது 'குளத்தூர்க் கோவை' இயற்றினார். பாட்டுடைத் தலைவரோ மறுநாட் காலை வழக்கம்போல நீதிமன்றம் சென்று, யாரோ இருவருடைய வேலித் தகராற்றைக் கேட்க அமர்ந்திருப்பார்.