தரவரிசைப் பட்டியலோடு கடமை முடிவதில்லை



பட்டாசு, தீப்பெட்டித் தொழிலால் வாழும் சிவகாசி வட்டாரத்தின் பிழைப்பை வெயில் எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அவ்வளவு சட்டமும் தீர்மானிக்கிறது. அபாயத் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று, எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. 2018 அக்டோபர் 23 அன்று அதே நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபோது, சரவெடி பின்னிக் கூலி வாங்கிய பெண்களின் அடுப்பு வரை அந்த ஆணை எட்டியது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின் எழுந்த கேள்விகளும், அதாவது உரிமம் பெற்றவர் யார், உள்குத்தகைக்கு எடுத்தவர் யார், இழப்பீட்டுக்குப் பொறுப்பு யார் என்பவையும், சட்டம் அறிந்தவரால் மட்டுமே கேட்கக்கூடியவை. ஆகவே வெடிமருந்து அறையில் வேலை செய்வோரின் பிள்ளைகள் கறுப்பு அங்கி அணிய வேண்டும் என்பது ஆடம்பர ஆசையன்று. இம்மண்ணின் முதல் தேவை அதுவே.

மதிப்பெண்ணில், சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்துக்குக் குறையில்லை. 2018ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 97.05 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் விருதுநகரே மாநிலத்தில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டில்தான் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலிலும் அதன் பெயர் இடம்பெற்றது. படிப்பில் முந்தும் மாவட்டம் வாழ்வில் பிந்துவதற்கான காரணங்களுள் ஒன்று, தேர்வு முடிவுக்கும் கல்லூரி வாசலுக்கும் இடையில் உள்ள சில வாரங்களில் ஒளிந்திருக்கிறது.

சட்டப் படிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடத்தும் சேர்க்கை; இதில் நுழைவுத் தேர்வு இல்லை, 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் 7.5 விழுக்காட்டு முன்னுரிமையும் தருகிறது. இரண்டாவது, திருச்சிராப்பள்ளியில் உள்ளது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் என்னும் ஆங்கில நுழைவுத் தேர்வு.

முதல் வழியில் தடுக்கி விழச் செய்வது காகிதம். தரவரிசையில் பெயர் வந்தபின் கலந்தாய்வில் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், உரியவர்க்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை அசலாகக் காட்ட வேண்டும். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லை என்பதை மெய்ப்பிக்கும் அந்த முதல் பட்டதாரிச் சான்று, இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகர்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் தாய்க்கு, அந்த மேசைகளைத் தேடி அலையும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாளாகும்.

இரண்டாம் வழியில் தடுப்பது பணம். கிளாட் தேர்வு டிசம்பரில் நடப்பதால், பிளஸ் டூ தேர்வு எழுதுவதற்கு முன்பே கலந்தாய்வு தொடங்கிவிடுகிறது. அதற்குப் பதிவு செய்யவே அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவினர் 30,000 ரூபாயும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாயும் கட்ட நேர்ந்தது. இடம் கிடைத்தால், அதையே உறுதி செய்வதா, அதை வைத்துக்கொண்டு மேலான இடத்துக்குக் காத்திருப்பதா, விலகுவதா என்பதைக் குறித்த கெடுவுக்குள் தெரிவித்துப் பணமும் கட்ட வேண்டும். கெடு தவறினால் இடம் போய்விடும். அந்தக் காலமோ, தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டப்பட்டு, மழையால் வெடி காயாமல், வேலை மந்தமாகிக் கந்துவட்டிக்காரரிடம் கைநீட்டும் காலம்.

கெடுவைத் தவறவிட்டது மாணவரின் அலட்சியம் என்று சிலர் வாதிடுகின்றனர். வழிகாட்ட வழக்கறிஞர் மாமாவும், பணம் கட்ட வங்கி இருப்பும் உள்ள வீட்டில் கெடு என்பது வெறும் தேதி. அவை இல்லாத வீட்டில் அதே கெடு ஒரு மதில். மதிலை எழுப்பிவிட்டு, ஏறாதவரைச் சோம்பேறி என்பது நீதியாகாது. கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில், கிடைத்த தனியார் கல்லூரியில் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட்டு, நல்ல இடம் வந்தபின் திரும்பக் கேட்கத் தயங்குவோரும் உண்டு; அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருப்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே இம்மேடை நான்கு கோரிக்கைகளை வைக்கிறது. பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்திலேயே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களில் வருவாய்த் துறை சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும். கலந்தாய்வுப் பணத்தை முன்கூட்டி வழங்கும் சுழல் நிதியை மாவட்ட நிர்வாகமும் பட்டாசு உற்பத்தியாளர்களும் சேர்ந்து உருவாக்க வேண்டும். திருவில்லிபுத்தூர் முதல் சாத்தூர் வரையுள்ள வழக்கறிஞர்கள், கலந்தாய்வு முடியும்வரை மாணவர்க்குத் துணைநிற்க வேண்டும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் தேனிக்கும் இராமநாதபுரத்துக்கும் கிடைத்த அரசு சட்டக் கல்லூரி, காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டத்துக்கும் கிடைக்க வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. நாட்டின் தீபாவளிக்கு ஒளி செய்து தரும் தொழிலாளர், தம் வழக்கைத் தம் பிள்ளையே நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் நாளைக் கேட்கின்றனர். அது அவர்களின் உரிமை. அதை வழங்கும்வரை இக்கோரிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் சட்டமன்றத்திலும் ஓயாது ஒலிக்கட்டும்!