கலாபவன் மணி: சிரிக்க வைக்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தென்னிந்தியத் திரைப்படங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கும் சாதிக்கும் உள்ள உறவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஆய்வு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். உண்மையில், பழைய காமெடிக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, யார் அடிக்கிறார், யார் அடி வாங்குகிறார், யாருடைய நிறம் கேலியாகிறது என்று நோட்டில் குறித்து வைக்கிற வேலை. அந்த நோட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டவர் ஒரு மலையாளி. கலாபவன் மணி.

உங்களில் பலருக்கு அவர் ‘ஜெமினி’ தேஜாவாகத்தான் தெரிந்திருப்பார். 2002இல் வந்த படம். விலங்குகளைப் போலக் குரல் கொடுத்து, உடம்பை வளைத்து நம்மை மிரட்டியவர். அடுத்து ‘எந்திரன்’ பச்சைமுத்து, ‘பாபநாசம்’ கான்ஸ்டபிள் பெருமாள். நாம் அவரை வாங்கிக்கொண்டது வில்லனாக. கேரளம் முதலில் அவரை வாங்கிக்கொண்டது கோமாளியாக. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார்.

1971 ஜனவரி 1 அன்று திருச்சூர் மாவட்டம் சாலக்குடியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ராமன் விவசாயக் கூலி, அம்மா அம்மிணி. படிப்பு வரவில்லை, பள்ளியில் மோனோ ஆக்ட் வந்தது. தென்னை ஏறினார், ஆற்றில் மணல் அள்ளினார், பிறகு ஆட்டோ ஓட்டினார். அந்த வழியாகத்தான் கொச்சி கலாபவனின் மிமிக்ரிக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1969இல் ஆபேல் பாதிரியார் தொடங்கிய அந்த நிறுவனத்திலிருந்து மலையாள சினிமாவுக்குப் போனவர்கள் ஏராளம். ஜெயராமும் திலீப்பும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அவர்களை யாரும் கலாபவன் ஜெயராம், கலாபவன் திலீப் என்று கூப்பிடுவதில்லை. மணிக்கு மட்டும் கடைசி வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. வேறு சிலருக்கும் ஒட்டியிருக்கிறது என்பதால் இதைச் சாதிக்கான ஆதாரமாக நான் வைக்கவில்லை. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் அவருக்குக் கிடைத்த வேடங்களைப் பாருங்கள். 1995இல் ‘அக்ஷரம்’ படத்தில் ஆட்டோ ஓட்டுநர். 1996இல் லோகிததாஸ் எழுதி, சுந்தர் தாஸ் இயக்கிய ‘சல்லாபம்’ படத்தில் கள்ளிறக்கும் ராஜப்பன். வாழ்க்கையில் எந்த வேலையைச் செய்தாரோ, எந்த மரத்தில் ஏறினாரோ, அதே வேலைக்குத்தான் சினிமாவும் அவரைக் கூப்பிட்டது. ராஜப்பன்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். அதோடு அந்தச் சிரிப்பும் வந்தது. மூக்கிலிருந்து கிளம்பி, நெஞ்சில் இடித்து, இழுத்துக்கொண்டே போகிற ஒரு சிரிப்பு. பிறகு ஒவ்வொரு படத்திலும் அதைக் கேட்டார்கள். மேடையில் ஏறினால் முதல் வரிசையிலிருந்து அதைத்தான் கேட்டார்கள். ஒரு மனிதனின் சிரிப்பு ரேஷன் கடை சர்க்கரை மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து போட்டாக வேண்டும்.

தோழர்களே, நகைச்சுவை ஒரு கதவு. ஒடுக்கப்பட்ட உடம்புக்கு இந்தச் சினிமா திறந்து வைக்கிற முதல் கதவு அதுதான், பல நேரம் ஒரே கதவும் அதுதான். காதலிக்கிற உடம்பாகத் திரையில் தோன்றினால் என்ன ஆகும் என்பதைப் பி.கே. ரோசியின் கதை நமக்குச் சொல்லியிருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக ஒரு தலித் பெண்ணைத் துரத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடி வந்து, வேறு ஒரு வாழ்க்கைக்குள் ஒளிந்துகொண்டார். அதற்கு எழுபது வருடங்கள் கழித்து மணியை யாரும் கல்லால் அடிக்கவில்லை. அவரோடு ஜோடியாக நடிக்க முன்னணி நடிகைகள் தயங்கினார்கள் என்ற பேச்சு மட்டும் இருந்தது. இயக்குநர் விநயனே அதைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். மணியின் வாழ்க்கையைத் தழுவி 2018இல் அவர் எடுத்த ‘சாலக்குடிக்காரன் சங்ஙாதி’ படத்திலும் அந்த வலியைக் கொண்டுவந்தார். எந்த நடிகை என்று தேடி வசைபாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த நடிகையின் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களை நம்பிப் போடப்பட்டது.

விநயன்தான் 1999இல் அவரைக் கதாநாயகனாக்கினார். ‘வாசந்தியும் லட்சுமியும் பின்னே ஞானும்’. பார்வையற்ற பாடகன் ராமு. படம் நன்றாக ஓடியது. மாநில விருதுப் பட்டியலிலும் தேசிய விருதுப் பட்டியலிலும் சிறப்பு அங்கீகாரம் என்ற வரிசையில் மணியின் பெயர் வந்தது. சிறந்த நடிகர் விருது இரண்டு இடத்திலும் ‘வானபிரஸ்தம்’ படத்துக்காக மோகன்லாலுக்குப் போனது. ‘வானபிரஸ்தம்’ படத்தில் மோகன்லாலின் நடிப்பு சாதாரணமானதல்ல. விருது தவறான கைக்குப் போனது என்று நான் சொல்ல வரவில்லை. நான் பேச வந்தது அதற்கடுத்து நடந்ததைப் பற்றி. விருது தனக்கில்லை என்று கேட்டதும் மணி மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்தது. அந்த மயக்கம் கேரளத்தில் பெரிய ஜோக்காகிவிட்டது. மணி எந்த மிமிக்ரி மேடையிலிருந்து வந்தாரோ அதே மாதிரி மேடைகளில், மணி மயங்கி விழுவதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விருதுக்கு ஆசைப்படாத நடிகர் யார்? ஆனால் சிலருடைய ஆசைக்கு லட்சியம் என்று பெயர், சிலருடைய ஆசைக்குப் பேராசை என்று பெயர். மேல்சாதி நடிகர் ஒருவர் விருது கிடைக்காமல் மனமுடைந்தால் அது கலைஞனின் நொறுங்கும் மனம். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் மனமுடைந்தால், கொடுத்த இடத்தோடு நிற்காமல் மேலே கேட்டுவிட்டான் என்று சிரிப்பு வருகிறது. ஒரு தலித் ஏமாற்றமடைவதற்கும்கூட இங்கே அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அந்தப் படத்தை 2001இல் அதே விநயன் தமிழில் ‘காசி’ என்று எடுத்தார். நாயகன் விக்ரம். மாடியில் வெயிலில் கிடந்து உடம்பைக் கறுக்க வைத்து அந்த வேடத்துக்குத் தயாரானார் என்று அப்போது செய்திகள் வந்தன. கடுமையாக உழைத்தார், சந்தேகமே இல்லை. சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருதும் வாங்கினார். அடுத்த ஆண்டு ‘ஜெமினி’யில் அதே விக்ரம் நாயகன், மணி வில்லன். ஒரு நிறம் பிறப்போடு வந்தால் வில்லன் வேடத்துக்கான தகுதி. வெயிலில் காய்ந்து வாங்கினால் நடிப்புக்கான உழைப்பு. விக்ரமைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. மூலப் படத்தில் நடித்தவரைத் தமிழில் நாயகனாக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா என்பதுதான் என் கேள்வி. என் நோட்டில் இந்த இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் இருக்கின்றன.

சினிமாவில் கிடைக்காத மரியாதையை மணி வேறொரு இடத்தில் தேடிக்கொண்டார். நாட்டுப்பாட்டு. கேரளத்தில் கேசட் கடைகள் இருந்த காலத்தில் அவருடைய நாட்டுப்பாட்டுத் தொகுப்புகள் ஆட்டோக்களிலும் பேருந்துகளிலும் ஓயாமல் ஓடின. ஆறுமுகன் வெங்கிடங்கு என்ற எளிய பாடலாசிரியர் அவருக்காக நிறைய எழுதினார். மீன்குழம்பு, சந்தை, கூலி, முறைத்துக்கொண்டு போன பெண், குடித்துவிட்டு வரும் ஆண், இதெல்லாம்தான் பாடுபொருள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இதைப் பாட்டென்றே கணக்கில் எடுக்கவில்லை. கூலிக்காரர்கள் கேட்டார்கள். திரையில் மற்றவர்கள் எழுதிக் கொடுத்த வசனத்துக்குச் சிரித்தவர், கேசட்டில் தன் ஆட்களைப் பற்றித் தன் குரலில் பாடினார். அவருடைய முக்கியமான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன், இருநூறு சொச்சம் படங்களை விடவும்.

பணம் வந்த பிறகும் கொச்சிக்கோ சென்னைக்கோ குடிபோகவில்லை. சாலக்குடியிலேயே இருந்தார். உதவி கேட்டு வருகிறவர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள், கொடுப்பார். இதைப் பலரும் வள்ளல் கதையாகச் சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஊரில் முதல் ஆளாக மேலே வந்த தலித் ஒருவருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை கிடையாது. நம் குடும்பங்களில் முதலில் அரசு வேலைக்குப் போன அண்ணனையோ அக்காவையோ நினைத்துப் பாருங்கள், புரியும்.

2013இல் அதிரப்பள்ளி அருகே வனத்துறையினரோடு நடந்த தகராறில் அவர் மீது வழக்குப் பதிவானது. கை நீட்டியது தவறுதான் என்று வைத்துக்கொள்வோம். வேறு பெரிய நட்சத்திரமாக இருந்திருந்தால் இந்த வேகத்தில் வழக்கு வந்திருக்குமா என்று அப்போது உயர் காவல் அதிகாரி ஒருவரே வெளிப்படையாகக் கேட்டார். நாம் கேட்டிருந்தால் எதற்கெடுத்தாலும் சாதியா என்றிருப்பார்கள்.

2016 மார்ச் 6. வயது 45. சாலக்குடி ஆற்றங்கரையில் ‘பாடி’ என்று அவர் வைத்திருந்த ஓய்வு வீட்டில் உடல்நிலை மோசமாகி, கொச்சி மருத்துவமனையில் இறந்தார். உடலில் மெத்தனால், பூச்சிக்கொல்லி என்று அடுத்தடுத்து செய்திகள் வந்தன. குடும்பம் சந்தேகம் எழுப்பியது. 2017இல் வழக்கு சிபிஐக்குப் போனது. 2019இல், இது கொலையல்ல, முற்றிய கல்லீரல் நோயே காரணம் என்று சிபிஐ அறிக்கை சொன்னது.

நம் தோழர்கள் சிலர் இன்றும் அது கொலைதான் என்று எழுதுகிறார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம், குடித்தே செத்தான் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் சிபிஐ அறிக்கையை ஏற்கிறேன். ஏற்ற பிறகும் பேச வேண்டியது மிச்சமிருக்கிறது. கல்லீரல் அந்த அளவுக்குக் கெட்ட ஒருவர் கேமரா முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தார். சுற்றிலும் எப்போதும் ஆள் கூட்டம். கேலியை வாழ்நாள் முழுக்கச் சிரிப்பாக மாற்றிக் கொடுத்தவர், தன் வலியைச் சொன்னால் அதையும் யாராவது மேடையில் நடித்துக் காட்டிவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். மயக்கத்துக்கு நடந்தது அதுதானே. இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஆண்கள் குடியில் போகும்போது அதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுகிற மொழியையோ, சதியாகப் பேசுகிற மொழியையோ மட்டும் வைத்துக்கொண்டு நம்மால் ஒரு உயிரையும் காப்பாற்ற முடியாது. உடல்நலம், மனநலம், சிகிச்சை என்று பேசுகிற மொழி நம் இயக்கங்களுக்குள் வர வேண்டும். அதைத்தான் இன்று இங்கே விவாதிக்கக் கேட்கிறேன்.

மணியின் தம்பி ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் மோகினியாட்டக் கலைஞர். 2024 மார்ச்சில் ஒரு மூத்த நடன ஆசிரியை, ஆணும் கறுப்புமாக இருப்பவர் மோகினியாட்டம் ஆடுவதைக் காக்கை நிறம் என்று இழிவாகப் பேசினார். அண்ணனுக்குக் காமெடியாக வந்தது தம்பிக்கு நேரடி வசையாகவே வந்தது. ராமகிருஷ்ணன் மயங்கவும் இல்லை, சிரித்து மழுப்பவும் இல்லை. சட்டப்படி போனார். அதே மாதம் கேரள கலாமண்டலத்தின் கூத்தம்பலத்தில் மோகினியாட்டம் ஆடினார். 2025 ஜனவரியில் அங்கேயே பரதநாட்டியத்துக்கு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

கேள்விகளுக்கு வருவோம்.