இல்லத்துள் குடியேறும் அச்சம்

தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது தோன்றும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கினுள்ளும் எளிதில் அடங்காத ஓர் அச்சத்தைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த குடும்பத்தில், ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவரையொருவர் கண்டு அஞ்சும் அச்சமே அது.

இதனைத் தமிழில் கூர்மையாக எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன். 1943ஆம் ஆண்டு வெளிவந்த 'காஞ்சனை'யைப் பலர் அறிவர். வீட்டுக்குள் வந்து சேர்ந்த பெண் பேயா, அன்றிக் கணவனின் மனமயக்கமா என்பதை ஆசிரியர் முடித்துச் சொல்லவில்லை. ஆயினும், அவ்வாண்டுகளில் அவரே எழுதிய 'செல்லம்மாள்' எனக்கு அதனினும் அச்சம் தருவது. அதில் பேய் என்ற பேச்சே இல்லை. தென்னாட்டிலிருந்து பிழைப்பைத் தேடிச் சென்னைக்கு வந்த இருவர். கணவர் பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடை ஊழியர். மனைவி தீராத நோயாளி. நோயின் மயக்கத்தில் அவள் எதிரில் நிற்கும் கணவனையே தன் தாயென எண்ணி, ஊருக்குப் போய்விடலாம் என்று கெஞ்சுகின்றாள். அருகிலிருந்து பணிவிடை செய்பவன் அந்நேரம் அவளுக்கு யாரோ ஆகிவிடுகின்றான். விட்டு வந்த ஊர் அவ்விருவருக்கும் நடுவே மூன்றாவது ஆளாக வந்து நிற்கின்றது. இதனினும் கொடிய அச்சம் வேறுண்டோ?

இது கதையோடு முடிவதன்று. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரக்குப்பத்தின் அருகே நான் ஆசிரியப்பணி ஆற்றினேன். மீனவர் குடிகளை அடுத்து, எண்ணூர்ப் பகுதியில் பர்மாவிலிருந்து வந்த தமிழர் பலர் வாழ்கின்றனர். 1964இல் அந்நாட்டரசு கடைகளையும் நிறுவனங்களையும் நாட்டுடைமையாக்கியபின் கப்பலேறி வந்தோர் பலர். அதற்கு முன்பே, ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி, 1942இல் காடும் மலையும் கடந்து நடந்து வந்தோரும் உண்டு. அன்று பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

மேல்நிலை வகுப்பில் பயின்ற ஒரு மாணவன் பள்ளி விட்டும் வீடு செல்லத் தயங்குவான். அவன் பாட்டி இரவுதோறும் வெறும் பாயின் முன் ஒரு தட்டுச் சோறு வைத்து மெல்லப் பேசுவாராம். பேய் பிடித்த கிழவி என்று தெருவார் சொல்ல, பேரனும் அவ்வாறே நம்பி அஞ்சினான். நான் அறிவுரை கூறவில்லை. 'செல்லம்மாள்' கதையைப் படிக்கக் கொடுத்தேன். மறுவாரம் அவன் கேட்டான்: "ஐயா, அந்த அம்மாளிடம், 'உனக்கு யார் நினைவு?' என்று முன்னமே யாரேனும் கேட்டிருக்கக் கூடாதா?"

அன்றிரவே அவன் தன் பாட்டியிடம் அதைக் கேட்டிருக்கின்றான். மணிப்பூருக்கு வரும் மலைவழியில் காய்ச்சலால் இறந்த மகளுக்கென்றே அத்தட்டு. நான்கு வயதுக் குழந்தையைப் புதைக்கவும் நேரமின்றி விட்டு நடந்தாராம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் எவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தட்டு வைப்பது அதன்பின்னும் நிற்கவில்லை. ஆனால் சோறு பரிமாறுவது அன்றுமுதல் பேரனின் வேலையாயிற்று.

மாணவர்களே! சொல்லப்படாத துயரமே புலம்பெயர்ந்தோர் வீட்டில் பேயுருக் கொள்கின்றது. பெற்றோர் பிள்ளைகளைக் காக்க எண்ணி வாய்மூடுகின்றனர். பிள்ளைகளோ அந்த மௌனத்தைக் கண்டே அஞ்சுகின்றனர். நல்ல அச்சக்கதை இருளைக் காட்டுவதோடு நில்லாது, அதன் காரணத்தை வினவவும் தூண்டும். இன்று எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்தம் பிள்ளைகள் உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கலாம். அவர்களிடமும், உங்கள் வீட்டு முதியோரிடமும், "நீங்கள் விட்டு வந்தது என்ன?" என்று ஒருமுறை அன்போடு கேளுங்கள். விடை உடனே வாராது, பொறுத்திருந்து கேளுங்கள்.