எண்ணிக்கையும் நீதியும்



திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1952 தேர்தலில் அம்மாவட்ட வன்னியர் வாக்குகளைத் திரட்டியது மாணிக்கவேல் நாயகரின் காமன்வீல் கட்சி. தென்னார்க்காட்டில் இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. பெரும்பான்மை பெறாத காங்கிரசு, நாயகரை அமைச்சராக்கியது.

குலக்கல்வி எனப்பட்ட திட்டத்தின் எதிர்ப்பால் 1954இல் இராசாசி விலகினார். காங்கிரசுச் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குப் போட்டி: காமராசர் 93, சி. சுப்பிரமணியம் 41. சமூகக் கணக்கே வென்றது என்பாருண்டு. ஆயின் வென்றவர், தோற்றவரையும் படையாட்சியாரையும் அமைச்சராக்கினார். ஒடுக்கப்பட்ட குலத்துப் பரமேசுவரனிடம் அறநிலையத் துறையை அளித்தார். கோயில் வாயில் மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளை, கோயில்களுக்கே அமைச்சர்! கோபுர நிழலில் வாழ்வோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

வாக்குகள் சாதியாய்த் திரளலாம். வென்றபின் நீதியாய்த் திரும்ப வேண்டும்.